வார்த்தைக் கணக்கைச் சமன்பாடாக்க எந்த வழி நல்லது?

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் பெரும்பாலோர் 5க − 12 = 3க + 8 போன்ற சமன்பாட்டை ஒழுங்காகத் தீர்த்துவிடுகிறார்கள். எழுத்து உள்ள உறுப்புகளை ஒரு பக்கமும் எண்களை மறுபக்கமும் கொண்டுபோவதில் அவர்களுக்குச் சிரமம் இல்லை. அதே சமன்பாடு நான்கு வரிக் கதையாக வந்தால் பேனா நின்றுவிடுகிறது. ‘கணக்கு நன்றாக வரும், வார்த்தைக் கணக்குதான் வராது’ என்று பெற்றோர் சொல்வதை ஆண்டுதோறும் கேட்கிறேன். இதைப் பிள்ளையின் குறையாக நான் பார்க்கவில்லை. சமன்பாட்டைத் தீர்க்கப் படிப்படியாக வழி சொல்லித்தருகிறோம். அதை எழுதுவதற்கு? ‘கணக்கை இரண்டு முறை படி, எக்ஸ் என்க, சமன்பாடு அமை’ என்கிறோம். முழு வேலையும் அந்தக் கடைசி இரண்டு சொற்களுக்குள் இருக்கிறது. அதை எப்படிச் செய்வது என்று மட்டும் சொல்வதில்லை.

சொல்லித்தர வழிகள் இருக்கின்றன. வகுப்பறைகளிலும் டியூஷன்களிலும் முக்கியமாக நான்கு வழிகள் புழங்குகின்றன: குறிச்சொற்களைத் தேடுவது, வரிக்கு வரி எழுத்தாக்குவது, பட்டைப் படம் வரைவது, உத்தேசமாக ஓர் எண்ணை வைத்துச் சோதிப்பது. எதில் பிள்ளையைப் பழக்குவது என்பது பெற்றோரும் ஆசிரியரும் எடுக்க வேண்டிய முடிவு. என் தேர்வை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஏழு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைக்கு உத்தேச எண்ணில் தொடங்குவதே நல்லது. பட்டைப் படத்துக்கும் வரிக்கு வரி எழுதுவதற்கும் அதனதன் இடம் உண்டு. குறிச்சொல் பட்டியலைக் கைவிட வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கை வைத்துக்கொள்வோம். பள்ளி ஆண்டு விழாவுக்கு 180 டிக்கெட்டுகள் விற்றன. பெரியவர்களுக்கு 50 ரூபாய், சிறுவர்களுக்கு 20 ரூபாய். மொத்த வசூல் 6,000 ரூபாய். பெரியவர்கள் எத்தனை பேர்? தெரியாத எண்ணுக்கு வகுப்பில் எக்ஸ் என்று எழுதுவது வழக்கம். எந்த எழுத்தாக இருந்தாலும் கணக்கு மாறாது என்பதால் இங்கே ‘க’ என்று வைக்கிறேன்.

குறிச்சொல் பட்டியல்

‘மொத்தம்’, ‘அதிகம்’ என்றால் கூட்டு, ‘மீதி’ என்றால் கழி, ‘மடங்கு’ என்றால் பெருக்கு, ‘சமமாகப் பங்கிடு’ என்றால் வகு. சுவரில் ஒட்டிய அட்டையாகவோ நோட்டின் முதல் பக்கமாகவோ இந்தப் பட்டியலைப் பல வீடுகளில் பார்க்கலாம். ஒரே வாரத்தில் பலன் தெரியும் என்பதுதான் இதன் கவர்ச்சி. இரண்டாம், மூன்றாம் வகுப்புக் கணக்குகள் பெரும்பாலும் இந்தப் பட்டியலுக்கு ஏற்றபடியே எழுதப்படுகின்றன. அதனால் பிள்ளைக்கு மதிப்பெண்ணும் வரும், நம்பிக்கையும் வரும்.

பிறகு ஒருநாள் இப்படி ஒரு கணக்கு வரும்: ‘கமலாவிடம் 45 புத்தகங்கள் இருக்கின்றன. அது செல்வியிடம் இருப்பதைவிட 8 அதிகம். செல்வியிடம் எத்தனை?’ ‘அதிகம்’ கண்ணில் பட்டதும் பிள்ளை கூட்டுகிறது. 53 என்று எழுதுகிறது. செல்வியிடம் இருப்பதோ 37. பட்டியலில் உள்ள சொல் கணக்கிலும் இருந்தது, அது சொன்னபடியே பிள்ளை செய்தது, விடை தவறாகிவிட்டது. எங்கே பிழை என்று பிள்ளைக்கும் புரிவதில்லை.

டிக்கெட் கணக்கில் நிலைமை இன்னும் மோசம். ‘மொத்தம்’ என்ற சொல் இருக்கிறது. எதையும் எதையும் கூட்டுவது? கூட்ட வேண்டியவை பெரியவர் வசூலும் சிறுவர் வசூலும். அந்த இரண்டு தொகைகளும் கணக்கில் எங்கும் எழுதப்படவில்லை. பிள்ளைதான் அவற்றை உருவாக்க வேண்டும். இல்லாத தொகையை எந்தக் குறிச்சொல்லும் காட்டித்தராது.

இந்தப் பழக்கம் எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்குப் பிரான்சிலிருந்து புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. 1979இல் கிரெனோபிள் நகரில், கணிதம் கற்பித்தலை ஆராயும் நிறுவனம் ஒன்று, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு கேள்வியைக் கொடுத்தது: ‘ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கப்பல் தலைவரின் வயது என்ன?’ 97 பிள்ளைகளில் 76 பேர் இரண்டு எண்களையும் வைத்து ஒரு வயதைக் கணக்கிட்டுத் தந்தார்கள். அறிவில்லாத பிள்ளைகள் அல்லர். கணக்கு என்றால் எண்களைப் பொறுக்கி ஏதோ ஒரு செயலைச் செய்வது என்று பள்ளி அவர்களைப் பழக்கியிருந்தது. குறிச்சொல் பட்டியலும் அதே பழக்கத்தைத்தான் வளர்க்கிறது. கதை என்ன சொல்கிறது என்று பார்க்காமலே விடைக்குப் போக அது பயிற்சி தருகிறது. இயற்கணிதம் தொடங்கும் வயதில் இதைவிடத் தீங்கான பயிற்சி வேறில்லை.

வரிக்கு வரி எழுதுவது

நோட்டை நடுவில் கோடிட்டுப் பிரித்து, இடப்பக்கம் கணக்கின் வாக்கியம், வலப்பக்கம் அதற்கான கோவை என்று எழுதிப்போவது இரண்டாவது வழி. பழைய, மதிப்புக்குரிய வழி. 1707இல் அச்சான ஐசக் நியூட்டனின் இயற்கணித நூலில் இந்த இரட்டைப் பத்தி அமைப்பைப் பார்க்கலாம். அவர் அதில் காட்டும் வணிகர் கணக்கு இது. ஒரு வணிகர் ஆண்டுதோறும் தம் பணத்திலிருந்து 100 பவுண்டு குடும்பச் செலவுக்கு எடுக்கிறார். எஞ்சியது அதன் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வளர்கிறது. மூன்றாண்டு முடிவில் தொடக்கத்தில் இருந்ததைப் போல் இரு மடங்கு சேர்ந்துவிட்டது. தொடக்கத்தில் எவ்வளவு?

கையில் இருந்தது: க
முதலாண்டுச் செலவுக்குப் பின்: க − 100
வளர்ந்த பின்: (4க − 400)/3
இரண்டாம் ஆண்டுச் செலவுக்குப் பின்: (4க − 700)/3
வளர்ந்த பின்: (16க − 2800)/9
மூன்றாம் ஆண்டுச் செலவுக்குப் பின்: (16க − 3700)/9
வளர்ந்த பின்: (64க − 14800)/27
இது இரு மடங்கு: (64க − 14800)/27 = 2க

இங்கிருந்து 10க = 14800. தொடக்கத்தில் இருந்தது 1,480 பவுண்டு. ஒவ்வொரு வரியையும் முந்தைய வரியோடு ஒட்டி நடந்தால் போதும், வழி தவறவே முடியாது. நிகழ்ச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் கணக்குகளுக்கு, அதாவது செலவு செய்தான், மீதியில் பாதியைக் கொடுத்தான், பிறகு 200 கிடைத்தது என்பது போன்றவற்றுக்கு, இதைவிட நேரான வழி இல்லை.

ஆனால் எல்லாக் கணக்கும் நிகழ்ச்சி வரிசையாக வருவதில்லை. டிக்கெட் கணக்கின் முதல் வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 180 டிக்கெட்டுகள் விற்றன என்பதற்கு வலப்பக்கம் என்ன எழுதுவது? அடுத்த வாக்கியத்துக்கு? மூன்று வாக்கியங்களும் ஒன்றையொன்று சார்ந்தவை. தனித்தனியாக எதையும் கோவையாக்க முடியாது.

சொல்லுக்குச் சொல் எழுதுவதில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. தமிழில் யாரிடமிருந்து எது கழிகிறது என்பதை வேற்றுமை உருபுதான் சொல்கிறது. ‘ஓர் எண்ணிலிருந்து 7ஐக் கழிக்க’ என்றால் க − 7. ‘ஓர் எண்ணை 7இலிருந்து கழிக்க’ என்றால் 7 − க. இரண்டிலும் ‘எண்’ முதலில், ‘7’ பிறகு, ‘கழிக்க’ கடைசியில். வரிசையை மட்டும் பார்த்து எழுதும் பிள்ளை இரண்டுக்கும் க − 7 என்றே எழுதும். ‘இலிருந்து’ எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்க்கப் பழக்கினால் இந்தப் பிழை பெரிதும் குறையும். இரு வாக்கியங்களையும் அடுத்தடுத்துக் கொடுத்து, உருபின் அடியில் கோடிடச் சொல்லுங்கள்.

வளர்ந்தவர்களுக்கும் இந்த வரிசைச் சிக்கல் விலகுவதில்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் கிளெமென்ட்டும் சக ஆய்வாளர்களும் 1980களின் தொடக்கத்தில் வெளியிட்ட ஆய்வுகள் கணிதம் கற்பிப்பவர்களிடையே பெயர்பெற்றவை. ‘இந்தப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களைப் போல் 6 மடங்கு மாணவர்கள் இருக்கிறார்கள்’ என்பதைச் சமன்பாடாக எழுதச் சொன்னார்கள். பொறியியல் முதலாண்டு மாணவர்கள் 150 பேரில் 37 சதவீதத்தினர் தவறாக எழுதினார்கள். அவர்களில் பெரும்பாலோர் மாணவர் எண்ணிக்கையை 6ஆல் பெருக்கிப் பேராசிரியர் எண்ணிக்கைக்குச் சமமாக்கினார்கள். 6 மாணவர்களுக்கு ஒரு பேராசிரியர் என்ற காட்சியை மனத்தில் வைத்து, எழுத்தை ஆளின் பெயர்ச்சுருக்கமாக நினைத்து எழுதியதன் விளைவு அது. எழுத்து குறிப்பது எண்ணிக்கையை. பேராசிரியர்கள் 10 பேர் என்றால் மாணவர்கள் 60 பேர் என்று ஒரே ஒரு முறை எண்ணை வைத்துப் பார்த்திருந்தால் 6 × 60 = 10 வராது என்று உடனே தெரிந்திருக்கும். இந்த இடத்தில்தான் நான்காவது வழியின் பலம் எனக்குத் தெரிகிறது. அதற்கு முன் படம்.

பட்டைப் படம்

1980களில் சிங்கப்பூர்க் கல்வி அமைச்சு தன் தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டத்தில் கொண்டுவந்த முறை இது. அங்குள்ள தமிழ்ப் பெற்றோருக்கு இது அன்றாட வீட்டுப்பாடம். இங்கேயும் ‘சிங்கப்பூர்க் கணிதம்’ என்ற பெயரில் பயிற்சி நூல்களும் வகுப்புகளும் கிடைக்கின்றன. தெரியாத அளவை ஒரு நீளமான கட்டமாக வரைகிறோம். இரண்டு மடங்கு என்றால் இரண்டு கட்டங்கள்.

அண்ணனும் தம்பியும் சேமித்த பணம் 5 : 3 விகிதத்தில் இருக்கிறது. அண்ணன் தம்பிக்கு 400 ரூபாய் கொடுத்ததும் இருவரிடமும் சமமாகிவிட்டது. மொத்தம் எவ்வளவு? அண்ணனுக்கு 5 கட்டம், தம்பிக்கு 3 கட்டம் வரைந்தால் போதும். ஒரு கட்டம் மேலிருந்து கீழே நகர்ந்தால் 4, 4 ஆகிவிடுகிறது. ஆகவே ஒரு கட்டம் 400 ரூபாய், 8 கட்டம் 3,200 ரூபாய். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இதைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடும். 5க − 400 = 3க + 400 என்ற சமன்பாட்டுக்கு வரும்போது ‘க’ என்பது அந்தக் கட்டம்தான் என்று அதற்குப் பொருள் கிடைத்திருக்கும். விகிதம், பின்னம், பங்கு ஆகிய மூன்றுக்கும் இந்தப் படத்துக்கு நிகர் இல்லை. ஆறாம் வகுப்பு முடியும்வரை உங்கள் பிள்ளைக்கு இதையே தாராளமாகக் கொடுக்கலாம்.

எட்டாம் வகுப்பில் இதன் எல்லை தெரிய ஆரம்பிக்கும். டிக்கெட் கணக்குக்குப் பட்டை வரையப் பாருங்கள். பெரியவர் எண்ணிக்கைக்கு ஒரு கட்டம், சிறுவர் எண்ணிக்கைக்கு வேறு நீளத்தில் ஒரு கட்டம், பிறகு அவற்றின் 50 மடங்கும் 20 மடங்கும். படம் உதவுவதை விட்டுப் பாரமாகிவிடுகிறது. ‘நீளம் அகலத்தைவிட 5 மீட்டர் அதிகம், பரப்பு 84 சதுர மீட்டர்’ என்றால் தெரியாத அளவைத் தெரியாத அளவாலேயே பெருக்க வேண்டும். பட்டையில் அதற்கு இடமில்லை. படத்தில் மிகத் தேர்ந்த பிள்ளைகள் சிலர் எழுத்துக்கு மாறவே மறுப்பதையும் பார்க்கிறேன். கையில் இருக்கும் கருவி நன்றாக வேலை செய்யும்போது புதியது எதற்கு என்று அவர்கள் நினைப்பது இயல்பு. பட்டை பயனற்றுப்போகும் கணக்கு ஒன்றைக் கொடுத்தால்தான் அவர்கள் நகர்வார்கள். டிக்கெட் கணக்கே போதும்.

உத்தேச எண்

இந்த வழியின் சாரம் இதுதான். விடை தெரியாவிட்டாலும், யாராவது ஒரு விடையைச் சொன்னால் அது சரியா என்று சோதிக்கப் பிள்ளைக்குத் தெரியும். அந்தச் சோதனையை அப்படியே எழுதினால் அதுதான் சமன்பாடு.

பெரியவர்கள் 60 பேர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் சிறுவர்கள் 180 − 60. பெரியவர் வசூல் 50 × 60. சிறுவர் வசூல் 20 × (180 − 60). இரண்டும் சேர்ந்து 6,000 வர வேண்டும். 3,000 + 2,400 = 5,400. வரவில்லை. வராவிட்டாலும் பரவாயில்லை, நமக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. சோதனையை ஒரே வரியில் எழுதுவோம்: 50 × 60 + 20 × (180 − 60) என்பது 6000 ஆகிறதா? 60 நின்ற இடத்தில் எல்லாம் க என்று எழுதினால் 50க + 20(180 − க) = 6000. 30க = 2400, பெரியவர்கள் 80 பேர், சிறுவர்கள் 100 பேர்.

குறிச்சொல் முறை காட்டாமல் விட்ட இரண்டு தொகைகளும் இங்கே தாமாகவே வந்துவிட்டதைக் கவனியுங்கள். 180 − க என்ற கோவைதான் இந்த வகைக் கணக்குகளில் பிள்ளைகள் தடுக்கிவிழும் இடம். 60 பெரியவர் என்றால் சிறுவர் எத்தனை என்று கேட்டால் தடுக்குவதில்லை, உடனே கழித்துவிடுகிறார்கள்.

வயதுக் கணக்கில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ‘தாயின் வயது மகளின் வயதைப் போல் 4 மடங்கு. 6 ஆண்டுகள் கழித்து 3 மடங்காக இருக்கும். இப்போது மகளின் வயது என்ன?’ நேராகச் சமன்பாடு எழுதச் சொன்னால் ஒரே தவறு நோட்டுக்கு நோட்டு வரும்: 4க + 6 = 3க. தாய்க்கு 6 வயது கூடியது, மகள் அப்படியே நிற்கிறாள். உத்தேச எண்ணோடு இப்படிப் பேசிப் பாருங்கள்.

“மகளுக்கு நீயே ஒரு வயது சொல்லம்மா.”

“பத்து, டீச்சர்.”

“அப்படியென்றால் அம்மாவுக்கு?”

“நாற்பது.”

“ஆறு வருடம் கழித்து?”

“அம்மாவுக்கு நாற்பத்தாறு, மகளுக்குப் பதினாறு.”

“இப்போது எதை எதோடு ஒப்பிட வேண்டும்?”

“பதினாறின் மூன்று மடங்கு நாற்பத்தெட்டு. அம்மாவுக்கு நாற்பத்தாறுதான். சரியாக வரவில்லை, டீச்சர்.”

மகளுக்கும் 6 வயது கூட்ட வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. உயிருள்ள ஒரு பத்து வயதுப் பெண் கண்முன் வந்ததும் அவளே கூட்டிவிட்டாள். இனி செய்த வேலையை விடையாக்காமல் எழுதச் சொல்ல வேண்டியதுதான்: 4 × 10 + 6 ஒரு பக்கம், 3 × (10 + 6) மறுபக்கம். 10ஐ எடுத்துவிட்டு க வைத்தால் 4க + 6 = 3(க + 6). மகளுக்கு 12, தாய்க்கு 48. அடைப்புக்குறி எதற்கு என்ற கேள்விக்கும் அந்த வரியிலேயே விடை கிடைத்துவிடுகிறது.

இதைச் சரியாகச் செய்ய மூன்று கவனங்கள் தேவை. முதலாவது, இடையில் பெருக்கி முடிக்கக் கூடாது. 4 × 10 + 6 என்பதை 46 என்று சுருக்கிவிட்டால் 10 எங்கே போயிற்று என்று தெரியாது. பிள்ளைகள் பழக்கத்தால் உடனே பெருக்குவார்கள். ‘விடையை ஓரத்தில் எழுது, செயலை நடுவில் எழுது’ என்று சில நாள் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டாவது, கணக்கில் ஏற்கெனவே உள்ள எண்ணை உத்தேசமாக வைக்கக் கூடாது. மகளுக்கு 6 என்று வைத்தால் 4 × 6 + 6 என்று வரும். எந்த 6ஐ எழுத்தாக்குவது? 1, 2 போன்ற சிறிய எண்களும் வேண்டாம். மூன்றாவது, தயங்கும் பிள்ளைக்கு ஒரு சோதனை போதாது. 10க்கு ஒரு வரி, 15க்கு ஒரு வரி, ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதச் சொல்லுங்கள். மேலும் கீழும் மாறாமல் நிற்பவை மாறிலிகள், மாறும் இடத்தில் நிற்பது மாறி. பாடநூலில் வரையறையாக மட்டும் இருந்த அந்த இரண்டு சொற்கள் அப்போது கண்ணுக்குத் தெரியும்.

இது யாரோ அண்மையில் கண்டுபிடித்த உத்தி என்று நினைத்துவிடாதீர்கள். கி.மு. 1550 வாக்கில் அஹ்மோஸ் என்ற எகிப்திய எழுத்தர் படியெடுத்த பாப்பிரஸ் சுருளில் ஒரு கணக்கு இருக்கிறது: ஓர் அளவும் அதன் ஏழில் ஒரு பங்கும் சேர்ந்து 19. அவர் 7 என்று வைத்துப் பார்க்கிறார், 8 வருகிறது. 8ஐ 19 ஆக்க எத்தனை மடங்கு வேண்டுமோ அத்தனை மடங்கு 7ஐப் பெருக்குகிறார். நம் நாட்டில் பாஸ்கரர் 1150இல் எழுதிய லீலாவதியில் இதற்கு இஷ்டகர்மம் என்று பெயர், விரும்பிய எண்ணை வைத்துச் செய்வது என்று பொருள். அதில் வரும் தேனீக் கணக்கு அழகானது. கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு கடம்ப மலருக்குப் போனது. மூன்றில் ஒரு பங்கு வேறொரு மலருக்கு. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தின் மூன்று மடங்கு குடச மலருக்கு. ஒரே ஒரு தேனீ மட்டும் காற்றில் அலைந்துகொண்டிருக்கிறது. மொத்தம் எத்தனை? 30 என்று வைத்தால் 6, 10, 12 போக 2 மிஞ்சும். 1 மிஞ்ச வேண்டும், ஆகவே பாதி. 15 தேனீக்கள்.

இந்தப் பழைய முறையில் ஒரு நிபந்தனை இருப்பதைப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். எல்லா உறுப்பும் தெரியாத எண்ணின் மடங்காகவோ பங்காகவோ இருந்தால்தான் இப்படி விகிதத்தால் விடைக்குத் தாவ முடியும். டிக்கெட் கணக்கில் 60க்கு 5,400 வந்தது என்பதற்காக 6000/5400ஆல் 60ஐப் பெருக்கினால் தவறாகிவிடும், 180 என்ற நிலையான எண் உள்ளே இருக்கிறது. நாம் உத்தேச எண்ணைப் பயன்படுத்துவது விடைக்குத் தாவ அல்ல, சமன்பாட்டை எழுதத்தான்.

இந்த வழியின் உண்மையான குறை வேறு. எண்ணை மாற்றி மாற்றி வைத்து விடையையே பிடித்துவிடும் பிள்ளை, எழுத்து எதற்கு என்று நின்றுவிடும். முன்பு பார்த்த நீள அகலக் கணக்கில் பரப்பு 84 என்றால் 6 × 11, 7 × 12 என்று இரண்டாம் முயற்சியில் அகலம் 7 என்று கிடைத்துவிடும். அதைக் குற்றமாக்க வேண்டாம். பரப்பை 100 என்று மாற்றிக் கொடுங்கள். க(க + 5) = 100 என்ற சமன்பாடு அதே எளிமையோடு நிற்கும், முழு எண் எதை வைத்தாலும் பொருந்தாது. ‘ஆட்டோவுக்கு அடிப்படைக் கட்டணம் 30, கிலோமீட்டருக்கு 18, மொத்தம் 165’ என்றாலும் 7.5 வரும். விடை முழு எண்ணாக வராத கணக்குகளை நான்கில் ஒன்றாகக் கலந்துவைத்தால் போதும்.

எதை ‘க’ என்று வைப்பது?

எந்த வழியில் வந்தாலும் இந்தக் கேள்வி காத்திருக்கிறது. ‘எதைக் கேட்கிறார்களோ அதை எக்ஸ் என்க’ என்று பொதுவாகச் சொல்லித்தருகிறோம். தொடக்கத்துக்கு அது சரி. ஆனால் அதுவே சட்டமாகிவிடக் கூடாது. ஓர் ஊருக்கு மணிக்கு 60 கிலோமீட்டரில் போய் 40 கிலோமீட்டரில் திரும்ப மொத்தம் 5 மணி நேரம் ஆகிறது, தூரம் எவ்வளவு என்ற கணக்கில், தூரத்தை வைத்தால் க/60 + க/40 = 5 என்று பின்னம் வரும். போகும் நேரத்தை வைத்தால் 60க = 40(5 − க). பின்னமே இல்லை. க = 2, தூரம் 120. கேட்டதைச் சொல்லக் கடைசியில் ஒரு பெருக்கல் கூடுதல், அவ்வளவுதான். அடுத்தடுத்த மூன்று ஒற்றை எண்களின் கூடுதல் 87 என்றால் நடு எண்ணை வைப்பவருக்கு 3க = 87, உடனே 29. எட்டாம் வகுப்பில் இதைத் தொட்டுக்காட்டினால் போதும்.

ஓர் எழுத்தா, இரண்டு எழுத்தா? தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் இரு மாறிகள் ஒன்பதாம் வகுப்பில் வருகின்றன. டிக்கெட் கணக்கில் சிறுவர்களுக்கு ‘ச’ வைத்து க + ச = 180, 50க + 20ச = 6000 என்று எழுதுவது பிள்ளைகளுக்கு எளிது, கதையின் இரண்டு செய்திகளும் இரண்டு வரிகளாக நேராக வந்துவிடுகின்றன. தீர்ப்பதில்தான் வேலை கூடும். ஈரிலக்க எண் கணக்குகளில் இரண்டு எழுத்தே இயல்பு: இலக்கங்களின் கூடுதல் 9, இடம் மாற்றினால் 27 அதிகமாகிறது என்றால் க + ச = 9, 10ச + க = 10க + ச + 27. விடை 36. இங்கும் ‘எண் என்பது கச’ என்று எழுதிவிடும் பிள்ளைக்கு 47 என்ற எண்ணை 10 × 4 + 7 என்று ஒருமுறை பிரித்துக்காட்டினால் தெளிந்துவிடும். ஒன்பதாம் வகுப்பில் இரண்டு எழுத்து, எட்டில் ஒன்று என்ற வரிசை நல்ல வரிசைதான். 180 − க என்று எழுதத் தெரியாமல் ‘ச’ வைத்துத் தப்பிப்பது மட்டும் வேண்டாம்.

எனவே யாருக்கு எது? ஐந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளை என்றால் பட்டைப் படம். ஏழில் உத்தேச எண்ணைத் தொடங்கி எட்டு முழுவதும் தொடருங்கள். வயதும் வேகமும் வரும் கணக்குகளுக்கு இப்போது / பிறகு, போக / வர என்று நான்கு கட்டங்கள் கொண்ட சிறிய அட்டவணை போட்டு அதற்குள் உத்தேச எண்ணை நிரப்பச் சொல்லலாம். ஒன்பதாம் வகுப்பில் கை பழகிய பிள்ளை எண்ணை விட்டுவிட்டு நேராக எழுத்தை எழுத ஆரம்பித்துவிடும், தடுக்க வேண்டாம். சிக்கும் கணக்கில் மட்டும் மறுபடி எண்ணுக்குத் திரும்பட்டும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது, சமன்பாடு எழுதவே வரவில்லை என்றாலும் நான் இதையேதான் சொல்வேன். குறிச்சொல் அட்டையை அப்போது கையில் கொடுக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். அந்த மாதத்தில் தினமும் மூன்று கணக்குகளைத் தீர்க்காமல் சமன்பாட்டோடு நிறுத்தி எழுதிப் பழகினால் அதைவிட நிச்சயமான பலன் கிடைக்கும்.

தேர்வுத்தாளில் உத்தேச எண்ணைக் கண்டால் மதிப்பெண் குறையுமோ என்று பெற்றோர் கேட்கிறார்கள். அதை ஓரத்தில் உள்ள செய்முறைப் பகுதியில் எழுதிக்கொள்ளலாம். விடைப் பகுதியில் ‘மகளின் தற்போதைய வயது க என்க’ என்று தொடங்கினால் போதும். ‘மகள் = க’ என்று எழுத விடாதீர்கள். வயது, எண்ணிக்கை, ரூபாய், மணி என்று எந்த அளவு என்பது அந்த முதல் வரியிலேயே இருக்க வேண்டும்.

சரிபார்ப்பதையும் இதே கையோடு பழக்குங்கள். கிடைத்த விடையைத் தான் எழுதிய சமன்பாட்டில் போட்டுப் பார்ப்பதுதான் பெரும்பாலான பிள்ளைகளின் வழக்கம். சமன்பாடே தவறாக இருந்தால் அங்கே தவறான விடையும் அழகாகப் பொருந்திவிடும். கணக்கின் வாக்கியங்களில் போட்டுப் பார்க்க வேண்டும்: மகளுக்கு 12, தாய்க்கு 48, நான்கு மடங்கு. ஆறு ஆண்டுகள் கழித்து 18, 54, மூன்று மடங்கு. உத்தேச எண்ணில் பழகிய பிள்ளைக்கு இது புதிய வேலை அல்ல. 10ஐ வைத்துச் செய்த அதே சோதனையை 12ஐ வைத்து இன்னொரு முறை செய்கிறது.